நாலாவது தட்டில் இருந்த டிஸ்க்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் அண்ணிக்கு அது எங்கே இருக்கிறது என்று இருபத்திரண்டு வருடமாகத் தேடுகிறேன், இன்னும் அகப்படவில்லை. அண்ணன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த முதல் வாரத்திலேயே நான் அவனைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"ஏண்ணா, உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா? ஒரு நத்தையைக் கூட்டிட்டு வந்திருக்கியே."

"நத்தை வீட்டையே முதுகுல சுமக்குது," என்றான் அண்ணன். "நீ உன் வாயை மட்டும்தான் சுமக்கிற."

கதவுக்குப் பின்னால் அண்ணி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து எனக்குக் கத்திரி என்று பெயர் வைத்தாள். நான் தையல்காரி, அதனால் பொருந்துகிறது. என் நாக்குக்கும் பொருந்துகிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

அண்ணி எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு சின்னக் கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். கண்ணின் பின்பக்க நரம்பைப் படம் எடுக்கும் வேலை. ஜன்னல் இல்லாத அறை, ஒரு கறுப்புத் திரை, ஒரு மெஷின், ஆளுக்கேற்ப ஏற்றி இறக்கும் ஒரு ஸ்டூல். "தாடையை இங்க வைங்க. பச்சைப் புள்ளியைப் பாருங்க. இமைக்காதீங்க." பதினாறு வருடமாக இதே மூன்று வாக்கியம். ஒரு ஆளுக்கு மற்றவர்கள் நாலு நிமிடம் எடுத்தால் இவள் ஒன்பது நிமிடம் எடுப்பாள். படம் இம்மி மங்கினாலும் அழித்துவிட்டுத் திரும்ப எடுப்பாள். வெளியே வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவள் காதில் விழும், ஆனால் கைக்குப் போகாது.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. படம் எடுப்பவள் படத்தில் என்ன தெரிகிறது என்று வாய் திறக்கக் கூடாது. அதைச் சொல்வது டாக்டர் வேலை. அழுதுகொண்டு கேட்டாலும், அதட்டிக் கேட்டாலும், அண்ணியிடமிருந்து வருவது ஒரே பதில்தான். "டாக்டர் சொல்வாங்க."

நானும் அந்த ஸ்டூலில் உட்காருகிறவள்தான். எட்டு வருடமாக எனக்குக் கண் அழுத்தம். வலிக்காது, அரிக்காது, சிவக்காது. ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். நேராகப் பார்த்தால் ஊசிக் காது எனக்கு நன்றாகத் தெரியும், இடது பக்கத்தில் இருக்கும் நூல்கண்டு தெரியாது. சொட்டு மருந்து போட்டுக்கொண்டே வருடா வருடம் படம் எடுத்து, நரம்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு படத்தை மட்டும் வைத்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. சிலருக்குப் பிறவியிலேயே நரம்பு மெல்லிசாக இருக்குமாம். முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இப்போது எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

போன வருடம் நான் போகவில்லை. பள்ளிச் சீருடை வேலை கழுத்து வரை கிடந்தது, இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். நுணல் தன் வாயால் கெடும், நான் என் சோம்பலால் கெட்டேன். பதினாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணி என் கடைக்கே வந்து, மெஷினிலிருந்து என் காலை இறக்கச் சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். படம் எடுத்தாள். ஒரு தடவைதான் எடுத்தாள், திரும்ப எடுக்கவில்லை.

"என்ன தெரியுது அண்ணி?"

"டாக்டர் சொல்வாங்க."

பழைய டாக்டர் ஊரை விட்டுப் போய்விட்டார். புது டாக்டர் அம்மா இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திங்கட்கிழமை வருவார், வியாழக்கிழமைகளில் அறுவை செய்வார். அடுத்து அவர் வரும் திங்கட்கிழமைக்கு, வரிசையில் முதல் ஆளாக, அண்ணி என் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். இடது கண்ணுக்கு அறுவை வேண்டுமா வேண்டாமா என்று அன்றைக்குத் தெரியும் என்றாள்.

இதற்கு நடுவில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அந்தப் படம் எடுக்கும் மெஷின் வாடகைக்கு எடுத்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதுசு போடுவதாக நிர்வாகி முடிவு செய்துவிட்டார். சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பழசைத் தூக்கிப் போவார்கள், திங்கட்கிழமை காலையில் புதுசு வரும். எட்டு வருடத்துப் படங்கள், பதினோராயிரம் பேருடைய கண்கள், அந்தப் பழைய மெஷினின் வயிற்றில் இருந்தன.

"பழைய படம் எதுக்கும்மா? புது மெஷின்ல புதுசா எடுத்துக்கலாம்," என்றாராம் நிர்வாகி.

என்னிடம் சொல்லியிருந்தால் அவர் மேஜையையே கவிழ்த்திருப்பேன். அண்ணி கத்தவில்லை. பழைய படங்களை நகலெடுத்து வைக்க டிஸ்க் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு வாரம், தினமும் காலை ஒன்பது மணிக்கு, அவர் அறை வாசலில் போய் நின்றாள். "டிஸ்க் வந்துடுச்சா சார்?" அவ்வளவுதான் கேட்பாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், நிர்வாகி அம்மியை விடக் கொஞ்சம் லேசு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று புது ஹார்ட் டிஸ்க்குகளை மேஜையில் வைத்துவிட்டு, "நாளைக்கு நாலு மணிக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே அண்ணி போய் நகலெடுக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கடையில் கை ஓடவில்லை. ஒரு காலரை இரண்டு தடவை தலைகீழாக வைத்துத் தைத்தேன். ஒன்பதரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நானும் போனேன்.

அறையில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. ரொட்டிப் பெட்டி அளவு. அதன் முகத்தில் நாலு இழுப்புத் தட்டுகள், தட்டுக்கு ஒரு டிஸ்க், டிஸ்க்குக்கு ஒரு சின்ன விளக்கு. ஒவ்வொரு தட்டின் நெற்றியிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. இது அண்ணியின் பழக்கம். பழைய டிஸ்க்குக்கு நீலப் பொட்டு, புதுசுக்குச் சிவப்பு. உள்ளே போய்விட்டால் டிஸ்க்கின் முகம் தெரியாது, பொட்டைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம் என்பாள். மூன்று டிஸ்க் நேற்று வந்தவை. நாலாவது போன வருடம் வாங்கி, பிரித்துத் தட்டில் பொருத்தி, உபயோகிக்காமல் அலமாரியில் வைத்திருந்தது. நாலும் சேர்ந்தால் ஒரே டிஸ்க் மாதிரி வேலை செய்யுமாம். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து படங்களைக் காப்பாற்றிவிடுமாம்.

"அஞ்சரை மணி நேரம். பன்னிரண்டரைக்கு முடிஞ்சிடும்," என்று காலையில் போனில் சொன்னவள், இப்போது திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு ஆச்சு அண்ணி?"

"பதிமூணு சதவீதம்."

எனக்குக் கணக்கு வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். துணியை அளந்து வெட்டுகிறவள் நான். கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்தில் பதிமூன்று என்றால் நாளைக் காலைக்குத்தான் முடியும். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும்.

"அப்ப முடிஞ்ச வரைக்கும் எடுத்துக்கலாம்ல. என்னுது வந்துடுச்சான்னு பாருங்க."

"பாதியில நின்னா ஒண்ணுமே திறக்காது கத்திரி. இந்த மெஷின் மொத்தத்தையும் ஒரே மூட்டையாத்தான் குடுக்கும். தனித்தனியா எடுத்தா வெறும் படம்தான் வரும், அளவு வராது. அளவில்லாத படத்தை வெச்சு டாக்டர் என்ன பண்ணுவாங்க?"

என் கண் அந்த மூட்டைக்குள் இருந்தது.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "நாலும் புதுசுங்கிறீங்க, நாலும் உங்களை மாதிரியே ஊருதே," என்றேன். வேண்டும் என்றே குத்தினேன். அவள் இணைப்புக் கயிற்றை மாற்றிச் செருகிப் பார்த்தாள், வேகம் அப்படியேதான் இருந்தது. எனக்கு உட்கார முடியாமல், பெட்டியிடம் போய்த் தட்டுகள் மேல் உள்ளங்கையை வைத்தேன். தையல்காரிக்கு இது பழக்கம். மெஷினில் என்ன கோளாறு என்று கண்ணை விடக் கை முதலில் சொல்லும்.

முதல் மூன்று தட்டுகளும் ஒரே மாதிரி மெல்ல அதிர்ந்தன, நின்றன, அதிர்ந்தன. நாலாவது சூடாக இருந்தது. அது நிற்கவே இல்லை. நடுநடுவே உள்ளே ஒரு உதறல். ஊசி உடைவதற்கு முன்னால் மெஷின் ஒரு உதறு உதறுமே, அதே உதறல்.

"அண்ணி, இங்க கையை வைங்க. இது புதுசு இல்ல."

"சிவப்புப் பொட்டு இருக்கே."

"பொட்டு என்னவோ இருக்கு. கையை வைங்க."

வைத்தாள். விளக்குகளைப் பார்த்தாள். மூன்று விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன, நாலாவது அணையாமல் எரிந்தது. திரையில் வேறொரு பக்கத்தைத் திறந்தாள். டிஸ்க் ஒவ்வொன்றும் பிறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் இருக்குமாம். மூன்றுக்கும் மூன்று மணி நேரம். நாலாவதுக்கு அறுபத்தோராயிரம்.

அண்ணி கண்ணை மூடித் திறந்தாள். "ரெண்டு மாசம் முன்னாடி கம்ப்யூட்டர்காரர் தூசி தட்ட வந்தாரு. அலமாரியில இருந்த பழசு புதுசு எல்லா டிஸ்க்கையும் கழட்டி, தட்டைக் கழுவிக் காய வெச்சு, திரும்ப மாட்டினாரு. கைக்கு வந்த டிஸ்க்கைக் கைக்கு வந்த தட்டுல."

"அந்த ஆளை நான் பார்த்துக்கிறேன்."

"அவர் மேல தப்பில்ல. பொட்டைத் தட்டுல வெச்சது நான். டிஸ்க்குல வெச்சிருக்கணும்."

பழசின் கொள்ளளவும் புதுசுகளின் கொள்ளளவும் ஒன்றுதான், அதனால் பெட்டி மூச்சு விடாமல் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒன்று பழசாக இருந்தால் மற்ற மூன்றுக்கும் என்ன வந்தது என்று கேட்டேன். ஒவ்வொரு படத்தையும் பெட்டி நாலு துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுக்குமாம். நாலு பேரும் எழுதி முடித்தால்தான் அடுத்ததைக் கொடுக்குமாம். எனக்கு உடனே புரிந்தது. நாலு பேர் சேர்ந்து ஒரு சட்டை தைத்தால், ஒருத்தி காலர், ஒருத்தி உடம்பு, ஒருத்தி பட்டன், எல்லாரும் முடித்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார்கள், கை வைக்கிறவள் இன்னும் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். சட்டை அவள் வேகத்துக்குத்தான் வரும். புதுசுகளின் வேகத்தில் பழசு ஓடாது, பழசின் வேகத்தில்தான் புதுசுகள் ஓடும். அதிலும் இந்தக் கிழடு எழுதியதையே எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, பிடுங்கி எறிங்க."

"எறியலாம். ஆனா ஓடிட்டிருக்கும்போது பிடுங்கினா, மீதி மூணுல ஒண்ணு மக்கர் பண்ணாலும் எல்லாம் போச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டு, மூணை மட்டும் புதுசா சேர்த்து, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மூணு இருந்தாலும் ஒண்ணு போனா மத்த ரெண்டும் தாங்கும்."

மணி பத்தரை. மூன்றரை மணி நேரம் காத்துக் கிடந்து ஏறியதை அழிப்பதா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஊரையே அதட்டுகிறவள், "வேண்டாம் அண்ணி, இருக்கிறது இருக்கட்டும்," என்று கெஞ்சினேன்.

"நீ சட்டைக் கையைத் தப்பா வெச்சுத் தைச்சுட்டா என்ன பண்ணுவ?"

"பிரிப்பேன்."

"முக்கால்வாசி தைச்சாச்சேன்னு விட்டுடுவியா?"

அவள் அழித்தாள். பிறகு, ஒன்பது நிமிடக்காரி, படபடவென்று நாலாவது தட்டை உருவினாள், மூன்றையும் புதிதாகச் சேர்த்தாள், பெட்டி தயாராகும் வரை பக்கத்தில் நின்றாள். பத்து ஐம்பதுக்குத் திரையில் பூஜ்யம் வந்தது. பத்து நிமிடத்தில் மூன்று ஆனது. மூன்று விளக்குகளும் ஒரே தாளத்தில் எரிந்தன. நான் தட்டின் மேல் கை வைத்தேன், உதறல் இல்லை.

"எப்ப முடியும்?"

"நாலு இருபது."

"வண்டி நாலுக்கு."

"தெரியும். சாப்பிடு."

மூன்றரைக்கே வண்டி வந்துவிட்டது. இரண்டு பேர். ஒருவர் கையில் காகிதம், இன்னொருவர் தோளில் கயிறு. திரை எண்பத்தைந்தில் இருந்தது. அண்ணி எழுந்து போய் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "நாலு மணின்னு எழுதியிருக்கு இல்லீங்களா? அதுக்குள்ள பிரிண்டரை ஏத்துங்க. ஸ்டூலும் உங்களுதுதான். மேஜைக்கு எட்டு ஸ்க்ரூ, ரெண்டு துருப்பிடிச்சது, எண்ணெய் போட்டு மெதுவா கழட்டுங்க." பாவம் அந்த மனிதர்கள், ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். துருப்பிடித்த ஸ்க்ரூ இரண்டும் எங்களுக்கு இருபது நிமிடம் கொடுத்தன.

நாலு மணிக்குத் திரையில் தொண்ணூற்று நாலு. நிர்வாகி வந்து நின்றார்.

"நேரம் ஆச்சும்மா. பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க."

அண்ணி சுவரோரம் போனாள். மெஷினின் மின்கயிறு செருகியிருந்த இடத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். பிளக் அவள் தோளுக்குப் பின்னால் மறைந்தது.

"இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் சார்."

"இதென்ன பிடிவாதம்? வண்டிக்காரங்க காத்திருக்காங்க."

"பதினோராயிரம் பேர் சார்," என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவே இல்லை. "அவங்களும் காத்திருக்காங்க."

நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் சுற்றளவுக்கு, என்னைத் தாண்டிப் பிளக்கைத் தொட வேண்டுமானால் கிரேன் வர வேண்டும். "சார், நான் வெளியாள். என்னை வேலையை விட்டும் தூக்க முடியாது, தரையை விட்டும் தூக்க முடியாது," என்றேன். கயிற்றுக்காரர் சிரித்துவிட்டார். காகிதக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் சார், ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறோம்," என்று வெளியே போனார். நிர்வாகி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நாலு இருபத்திரண்டுக்குத் திரையில் நூறு வந்தது. அப்போதும் அவள் எழுந்து ஆடிவிடவில்லை. மூட்டையைத் திறந்து, முதல் ஆளின் கண், கடைசி ஆளின் கண், நடுவில் கண்ணை மூடிக்கொண்டு தொட்ட ஐந்து பேரின் கண், எல்லாவற்றையும் அளவோடு சரி பார்த்தாள்.

"என்னுதைப் பாருங்களேன் அண்ணி."

"எல்லாருதும் வந்தா உன்னுதும் வந்தாச்சு," என்றவள், ஒரு நொடி தயங்கி என் எண்ணையும் அடித்தாள். வந்தது. அதைப் பார்த்துவிட்டு உடனே மூடினாள். பிறகு கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து, வெளியே கிடந்த பழைய டிஸ்க்கின் உடம்பிலேயே பெரிதாக ஒரு நீலப் பொட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை நான் முதல் ஆள். புது மெஷின் பளபளவென்று நின்றது, பெட்டி அதன் பக்கத்தில் இருந்தது. டாக்டர் அம்மா அன்று காலை புது மெஷினில் எடுத்த என் படத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இது மெல்லிசாத்தான் இருக்கு. ஆனா எப்பவுமே இப்படியா, இப்பதான் இப்படியான்னு தெரியலையே. பழைய படம் எதாவது இருக்கா?"

"இருக்கு டாக்டர்," என்றாள் அண்ணி. "எட்டு வருஷமும் இருக்கு."

வருடா வருடம் என் நரம்பின் தடிமன் அளவுகள் வரிசையாகத் திரையில் வந்தன. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றொன்று. பல வருடம் எண்பத்தொன்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. கடைசிப் பதினாலு மாதத்தில், நான் வராத அந்தப் பதினாலு மாதத்தில், எழுபத்தொன்றுக்கு விழுந்திருந்தது.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இந்தப் பழசெல்லாம் இல்லேன்னா, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னுதான் சொல்லியிருப்பேன். ஆறு மாசத்துல இந்தக் கண்ணுல என்ன மிச்சம் இருந்திருக்கும்னு எனக்குத் தெரியாது. வர வியாழக்கிழமையே பண்ணிடலாம். இருக்கிறதைக் காப்பாத்திடலாம்."

"வியாழக்கிழமையா? கடை... பக்கத்துல இருந்து பார்த்துக்க ஆள்..."

"நான் இருக்கேன்," என்றாள் அண்ணி. "வியாழக்கிழமையிலேர்ந்து பத்து நாள் லீவு. போன வாரமே எழுதிக் குடுத்துட்டேன்."

போன வாரம். நான் அவளைப் பார்த்தேன். ஒரே தடவையில் எடுத்த அந்தப் படம், வரிசையில் தன் கையால் எழுதிய என் பெயர், சனிக்கிழமை என் எண்ணைத் திறந்து உடனே மூடியது, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான், மூன்றரை மணி நேரம் ஏறியதை என் கண் முன்னால் அழித்திருக்கிறாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"டாக்டர்தான் சொல்லணும். அவங்க சொல்றதுக்கு வேண்டியதைக் கொண்டு வந்து வெக்கிறதுதான் என் வேலை."

அவள் ரத்தப் பரிசோதனைச் சீட்டை மடித்துக்கொண்டு நடந்தாள். அந்த நீளமான வராந்தாவில் நான் நத்தை என்று சொன்னவள் முன்னால் போனாள், எனக்குத்தான் கால் வரவில்லை. நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தாள். நின்றாள். நான் வரும் வரை நின்று, என் இடது பக்கம் வந்து, என் நடைக்கு நடந்தாள். இத்தனை வருடமும் அவள் அந்தப் பக்கமாகத்தான் நடந்து வந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம்தான் எனக்குத் தெரியாது.